இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் 'பல் தமூல்' என்கிறார்களே, அது என்ன?

நம் தெருக்கூத்து ரீயூனியனில் எடுத்திருக்கும் வடிவம்தான் அது. பாட்டு, வசனம், ஆட்டம் எல்லாம் கலந்து, மகாபாரதக் கதைகளை விடிய விடிய நடத்துவார்கள். பிரெஞ்சில் 'பல்' என்றால் ஆடுவதற்காகக் கூடும் கூட்டம், 'தமூல்' என்றால் தமிழ். வெளியாட்கள் கண்ணுக்குத் தமிழர்கள் ராத்திரி கூடி ஆடுவதுதான் தெரிந்தது. வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. ஆடுபவர்கள் வாயில் அதற்கு 'நார்ல்கோன்' என்றும் பெயர் உண்டு.

1848இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களோடு கூத்தும் கப்பலேறியது. பேரப்பிள்ளைகள் காலத்தில் வீட்டுப் பேச்சு கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த அந்தத் தீவின் மொழி) ஆகிவிட்டது, ஆனால் பாட்டு தமிழிலேயே நின்றது. அதனால் கூத்தை நடத்தும் 'வர்த்தியால்' (நம் வாத்தியார்தான்!) தமிழில் பாடிவிட்டு, கிரியோலில் கதையை விளக்கிக்கொண்டே போவார். புரியாத மொழிப் படத்துக்குப் போனால் பக்கத்து சீட்டு நண்பர் காதோரம் கதை சொல்வாரே, அந்த மாதிரி. என்னைக் கேட்டால், கூத்தைக் காப்பாற்றியதில் இந்த விளக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழே தெரியாத பிள்ளையும் பாஞ்சாலி ஏன் கூந்தலை முடியவில்லை என்று புரிந்துகொண்டு பார்க்கும்.

பெயரை வைத்து இதை ஜோடி ஜோடியாக ஆடும் நடன விருந்து என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை, வேஷம் கட்டியவர்கள் ஆடுவார்கள், ஊர் உட்கார்ந்து பார்க்கும்.