தொங்குவதெல்லாம் வில்லோ இல்லை

கே: லயத்து வீடுகளுக்குக் கீழே ஓடைக்கரையில் ஒரு மரம். கிளைகள் தண்ணீரைப் பார்த்துத் தொங்குகின்றன, சிவப்புப் பூ. வில்லோதானே? (நானுஓயா)

பூவைச் சொன்னதுமே தெரிந்துவிட்டது. போத்தல் கழுவும் பிரஷ் மாதிரிப் பூத்தால் பெயரும் அதுதான், பாட்டில்பிரஷ். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது, நம் சவுக்கைப் போல. (தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கைச் சொல்கிறேன், கடற்கரைச் சவுக்கு வேறு.) பூ இல்லாத நாளில் குச்சியைத் தடவுங்கள். பொத்தான் போன்ற கட்டைக் காய்கள் ஒட்டியிருந்தால் பாட்டில்பிரஷ். வில்லோவில் அவை கிடையாது. அதன் மொட்டை ஒரே செதில் தொப்பி போல மூடியிருக்கும்.

கே: கிரிக்கெட் மட்டை செய்வதும் இந்தத் தொங்கு வில்லோவிலா? (தலவாக்கலை)

இல்லை. அது வெள்ளை வில்லோவில் ஒரு வகை, நிமிர்ந்து வளரும்.

கே: பொப்லரும் பூவரசும் உறவா? இலை ஒன்றுபோல இருக்கிறதே. (பண்டாரவளை)

பெயரளவில்தான். பூவரசின் விஞ்ஞானப் பெயரில் வரும் ‘பொபுல்னியா’வுக்கு, பொப்லர் இலை போன்றது என்று பொருள். பூவரசு பருத்திக் குடும்பம், பொப்லர் வில்லோவின் குடும்பம். இலைக்காம்பை விரலிடையே உருட்டிப் பாருங்கள். பல பொப்லர்களில் காம்பு பக்கவாட்டில் தட்டை, உருளாது. சின்னக் காற்றுக்கும் இலை படபடப்பது அதனால்தான்.

கே: பாபிலோன் ஆற்றங்கரையில் கின்னரங்களைத் தொங்கவிட்டது அலரியிலா, வில்லோவிலா? (அட்டன்)

வேதாகமத்தின் 137ஆம் சங்கீதம், பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதரின் புலம்பல் பாட்டு! தமிழ் வேதாகமம் ‘அலரிச்செடிகள்’ என்கிறது, பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு வில்லோ என்கிறது. தாவரவியலாளர் பலர் இரண்டையும் ஏற்பதில்லை. அது யூப்ரடீஸ் பொப்லர் என்பார்கள். அந்த மரத்தின் இளங்கிளையில் இலை வில்லோ போலக் குறுகல், முதிர்ந்த கிளையில் அகலம். யார்தான் ஏமாறமாட்டார்கள்? தாவரங்களுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டிய லின்னேயஸே சீனத்துத் தொங்கு வில்லோவுக்கு ‘பாபிலோனிக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்.

கே: வீட்டுக்குப் பின்மேடு சரிகிறது. வில்லோ போத்து நட்டால் பிடிக்குமா? (கொத்மலை)

ஈர மண்ணில் வெட்டிய கிளையே வேர்விடும் என்பது உண்மை; ஐரோப்பாவில் ஓடைக்கரை அரிப்புக்கு அப்படித்தான் நடுகிறார்கள். ஆனால் அந்த வேர் மேல்மண்ணைத்தான் பிடிக்கும், அடியோடு நழுவும் மேட்டை அல்ல. வீட்டருகே நட்டால் தண்ணீர் தேடி வடிகானுக்குள்ளும் மலசலகூடக் குழாய்க்குள்ளும் புகுந்துவிடும். மேல்மண் மட்டும் கரைகிறதென்றால் மேட்டுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், வெட்டிவேரை நெருக்கமாக நடுங்கள். கானைத் துப்புரவாக வையுங்கள். மேட்டில் வெடிப்பு விழுந்தாலோ ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலோ நாற்றுத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பிள்ளைகளோடு வெளியேறி, கிராம சேவகரிடம் சொல்லுங்கள்.