முட்டி வீக்கம் வடிந்தாலும் கண்ணைத் தள்ளிப்போடாதீர்கள்

தம்பி, நான்கு வயது மகளுக்குச் சிறார் மூட்டுவாதம், முட்டி வீக்கம் இப்போது வடிந்துவிட்டது, அடுத்த மாதம் இங்கே வருகிறோம், கண் பரிசோதனையை வீடு, பள்ளியெல்லாம் அமைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களிடமே கேளுங்கள். கண்ணை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

முட்டி அடங்கினால் கண்ணும் அடங்கிவிடும் என்று ஒரு கணக்கும் கிடையாது. இந்த நோயோடு வரும் யுவைடிஸ் என்ற கண் அழற்சி பெரும்பாலும் சிவக்காது, வலிக்காது. பிள்ளை பாட்டுக்கு ஓடியாடிக்கொண்டிருக்கும். உள்ளே பாவையின் விளிம்பு லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும், புரை விழும், கண் அழுத்தம் ஏறும். கண்ணின் உட்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியை வைத்துப் பார்த்தால்தான் ஆரம்பத்திலேயே பிடிபடும். நோய் சின்ன வயதில் தொடங்கி, நாலுக்கு மேல் போகாமல் சில மூட்டுகளில் மட்டும் இருந்து, ரத்தத்தில் ஏஎன்ஏ என்ற எதிர்ப்பொருளும் பாசிட்டிவ் என்றால் முதல் சில வருடங்களுக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் அமைப்பின் (ACR) 2019 வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது.

நாடு மாறும்போதுதான் இந்த மூன்று மாதம் ஆறாகும், ஒன்பதாகும். பழைய டாக்டரின் தொடர்பு விட்டுப்போயிருக்கும், புது டாக்டர் கிடைத்திருக்க மாட்டார். என் பெண்ணுக்கும் இதே நோய்தான். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பொது மருத்துவர் கடிதத்தில் வெறும் 'கண் பரிசோதனை' என்று எழுதிவிட்டார். அங்கே போனால் சுவரில் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிவிட்டு, பார்வை நன்றாக இருக்கிறது, போகலாம் என்றார்கள். எனக்கோ மொழி அப்போது தட்டுத்தடுமாறித்தான் வரும். ஸ்லிட் லாம்ப், யுவைடிஸ் என்று இரண்டே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் குழந்தைகள் கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அழற்சி இருந்தது. இன்றைக்கு என்னைப் பார்த்ததும் அந்த வரவேற்பு மேஜையில் தேதியை எடுத்துத் தருகிறார்கள், அது வேறு கதை.

அதனால் கிளம்புமுன் பழைய டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். நோய் தொடங்கிய வயது, எந்தெந்த மூட்டு, ஏஎன்ஏ முடிவு, கடைசியாக ஸ்லிட் லாம்ப் பார்த்த தேதி, மருந்தும் அளவும் எல்லாம் அதில் இருக்கட்டும். நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து என்றால் வாரம் ஒருமுறை என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அழற்சியை அடக்கும் அடலிமுமாப் ஊசி என்றால் குளிர்பையில் வைத்துக் கைப்பையிலேயே கொண்டுவாருங்கள்.

இன்னொன்று, நம்மவர்கள். 'கண் பளிச்சென்று இருக்கே, எதுக்கு ஸ்டீராய்டு சொட்டு?' என்று கேட்கிற அறிவாளிகள் ஒவ்வொரு விருந்திலும் இருப்பார்கள். ஸ்டீராய்டு நீண்ட நாள் போனால் புரையும் அழுத்தமும் வரும் என்பது உண்மைதான். அதற்காகத்தான் மருத்துவர்கள் மெத்தோட்ரெக்ஸேட்டுக்கும் தேவைப்பட்டால் அடலிமுமாபுக்கும் போகிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று சொட்டைத் திடீரென நிறுத்தினால் அழற்சி மறுபடி கிளம்பும். இங்கே எல்லாம் தானாக நடக்கும் என்பவர்களையும் நம்பாதீர்கள். நினைவூட்டல் கடிதம் பழைய முகவரிக்குப் போகும், அவ்வளவுதான்.

என் பெண் அந்தக் கருவியில் முகவாயை வைக்க எட்டாமல் என் மடியில் முட்டிபோட்டு நிற்பாள். இப்போது வேலைக்குப் போகிறாள், மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தியாகிவிட்டது. நிறுத்திய பிறகும் திரும்ப வரக்கூடியது என்பதால் தேதியை அவளே வாங்கிக்கொண்டு போய்வருகிறாள். கூட வரவா என்றால் வேண்டாம் என்கிறாள்.