பட்டியல் ஒட்டப்பட்ட திகதியிலிருந்து ஒரு மாதம்

கேள்வி: வடமராட்சியில் வசிக்கும் எனது தாயார் கணவனை இழந்தவர். போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர். இன்றும் தகரக் கொட்டிலில்தான் இருக்கிறார். வீட்டுத்திட்டப் பயனாளிகளின் தற்காலிகப் பட்டியலில் அவருடைய பெயர் இருந்தது. திட்டத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் 75,000 ரூபா கேட்டார். அம்மாவின் தோட்டை அடகு வைத்து 50,000 ரூபாவை நானே அவர் கையில் கொடுத்தேன். இம்மாதம் 3ஆம் திகதி ஒட்டப்பட்ட இறுதிப் பட்டியலில் அம்மாவின் பெயர் இல்லை; கல்வீடும் வாகனமும் உள்ள ஒருவரின் பெயர் இருக்கிறது. ஜனாதிபதி, ஆளுநர், அரசாங்க அதிபர் ஆகியோருக்கு மகஜர் அனுப்பியுள்ளேன். முகநூலிலும் அந்த உத்தியோகத்தரின் படத்தோடு எழுதியுள்ளேன். மேலதிகப் பட்டியல் ஒன்று வரும், பொறுத்திருங்கள் என்று பிரதேச செயலகத்தில் சொல்கிறார்கள். மகஜரை வாபஸ் பெற்றால் பணம் திரும்பி வரும் என்று உத்தியோகத்தரின் உறவினர் ஒருவர் தூது வருகிறார். ஊழலும் மனித உரிமை மீறல்தானே? நான் வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதம் பதினொரு பக்கம். அதில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்பதாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: பட்டியல் 3ஆம் திகதி ஒட்டப்பட்டது, அன்றே அம்மா பார்த்தார். அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மீறல் மனு உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யப்பட வேண்டும். உங்கள் கடிதம் என் கைக்கு வந்தது 18ஆம் திகதி. ஆகவே இந்தப் பதிலை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பே உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காகவே இங்கு வெளியிடுகிறேன்.

அந்த உத்தியோகத்தர் கட்டிய மாடி வீடு, பக்கத்து வீட்டுக்காரரின் வாகனம், அம்மா கண்ணீர் விட்ட நாள்கள் ஆகியவற்றைக் கடிதத்தில் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். மனுவில் அவற்றுக்கு இரண்டு பந்திக்கு மேல் இடமில்லை.

ஊழல் மனித உரிமை மீறல்தானே என்ற கேள்விக்கு, ஆம் என்று மட்டும் சொல்லி முடித்தால் உங்களைத் தவறான வழியில் அனுப்பியவனாவேன். வீட்டுக்கான உரிமையை வைத்து நீங்கள் நீதிமன்றம் போக முடியாது. போதிய உணவும் உடையும் வீடும் உள்ள வாழ்க்கைத் தரம் பற்றி அரசியலமைப்பின் 27(2)(இ) பேசுகிறது. ஆனால் அது வழிகாட்டிக் கோட்பாடு மட்டுமே, நீதிமன்றத்தில் வலியுறுத்தத் தக்கதன்று என்று 29ஆவது உறுப்புரை கதவை மூடிவிடுகிறது. ஊழலுக்கெதிரான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2004இல் ஏற்புறுதி செய்தது உண்மை. அதை மட்டும் பிடித்துக்கொண்டு இங்கே நிவாரணம் கேட்க இயலாது. உங்களுக்கு உள்ள வழி 12(1), அதாவது சட்டத்தின் முன் சமத்துவம். பயனாளிகளைத் தெரிவு செய்யும் ஒரே புள்ளித்திட்டத்தில் கூடிய புள்ளி பெறவேண்டியவரை விட்டுவிட்டுக் குறைந்த தகுதியுள்ளவரைச் சேர்த்தது எதேச்சையானது என்பதே உங்கள் வழக்கு. நாட்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் பொதுமக்களின் நம்பிக்கையையும் 12(1)ஐயும் மீறினார்கள் என்று 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்ததும் இதே உறுப்புரையின் கீழ்தான். அந்த மனுதாரர்களுக்குப் பணமாகக் கிடைத்தது வழக்குச் செலவான 150,000 ரூபா. வழக்கு வென்றால் உத்தியோகத்தர் வேலை இழப்பார், அம்மாவுக்கு வீடு வரும் என்று நினைத்துக்கொண்டு உயர் நீதிமன்றம் உள்ள கொழும்பு புதுக்கடைக்குப் பேருந்து ஏறாதீர்கள்.

இனி, என்னிடம் வருபவர்கள் தொடர்ந்து விழும் குழியைப் பற்றிச் சொல்கிறேன். மகஜர் அனுப்பினால் காலக்கெடு நின்றுவிடும் என்பது யாழ்ப்பாணத்தில் படித்தவர்களிடமும் உள்ள நம்பிக்கை. ஜனாதிபதி செயலகத்திலிருந்து வரும் “உங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது, உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது” என்ற இரண்டு வரிக் கடிதத்தைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்திக்கொண்டு மூன்றாம் மாதத்தில் என் அலுவலகத்துக்கு வருகிறார்கள். அந்தக் கடிதம் ஒரு நாளையும் நீட்டித் தராது. பதிவுத்தபால் துண்டும் அப்படியே. காலத்தை நிறுத்தக்கூடிய ஒரே முறைப்பாடு, அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குச் செய்யப்படும் முறைப்பாடாகும். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேர்க்கப்படாது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருப்பதால் தூரமும் சாட்டாகாது.

இதிலும் ஒரு பொறி உண்டு. முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொண்டால் போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். முறைப்பாடு கொடுத்தால் மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்தது எனக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் பிற்காலத் தீர்ப்புகளில் வலியுறுத்தியுள்ளது. எதிர்மனுதாரர்களிடம் விளக்கம் கோரப்பட்டதா, விசாரணைத் திகதி குறிக்கப்பட்டதா என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் 13ஆம் பிரிவை நம்பி இருக்காதீர்கள். மாதம் முடியுமுன் மனுவையே தாக்கல் செய்யுங்கள்.

மனுதாரர் நீங்கள் அல்லர். உரிமை மீறப்பட்டவர் உங்கள் தாயார். அவரோ, அவர் சார்பில் ஒரு சட்டத்தரணியோதான் 126ஆவது உறுப்புரையின் கீழ் மனுச் செய்யலாம். மகன் தன் பெயரில் போட்ட மனு முதல் நாளிலேயே ஆட்சேபனைக்கு உள்ளாகும். அம்மாவின் சத்தியக்கடதாசி அவருக்கு வாசித்து விளங்கப்படுத்தப்பட்ட பின்னரே கையொப்பமிடப்பட வேண்டும். இதைச் சடங்காக நினைப்பவர்கள் அதிகம்.

அடுத்ததுதான் உங்களுக்கு உண்மையில் ஆபத்தானது. இலஞ்சம் கேட்டவரும் வாங்கியவரும் மட்டுமல்ல, கொடுத்தவரும் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கு எதிரான சட்டத்தின் கீழ் குற்றவாளியாகலாம். நீங்களோ “நானே அவர் கையில் கொடுத்தேன்” என்று கையொப்பமிட்டு மூன்று அலுவலகங்களுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அடிப்படை உரிமை மனுவில் முக்கியமான விடயத்தை மறைத்தால் அந்தக் காரணத்துக்காகவே மனு தள்ளுபடியாகும். ஆகவே மறைக்கவும் முடியாது, மகஜரின் பிரதியை எதிர்த்தரப்பு மேசையில் வைக்கும். சொன்னால் அடி உங்கள் மீது விழும், மறைத்தால் அம்மாவின் மனு மீது. இதிலிருந்து வெளிவர ஒரு வரிசைதான் எனக்குத் தெரிகிறது: மனுத் தாக்கலாகுமுன், ஒரு குற்றவியல் சட்டத்தரணியுடன் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு நீங்களே முறைப்பாட்டாளராகச் செல்லுங்கள். 1954 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் உங்கள் நிலையில் தொலைபேசியில் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். கொடுத்தவரைச் சாட்சியாக்குவது நடைமுறையில் உண்டு. அது ஆணைக்குழு எடுக்கும் தீர்மானமேயன்றி உங்கள் உரிமையன்று. பணம் கைமாறுமுன் சொல்லியிருந்தால் அடையாளமிட்ட நோட்டுகளுடன் சுற்றிவளைப்புச் செய்திருப்பார்கள், உங்களுக்கும் பாரம் இருந்திராது.

புள்ளியிடல் தாள்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இன்றே கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும், மேலும் 21 நாட்கள் நீட்டவும் முடியும். அதுவரை மாதம் காத்திருக்காது. யாழ்ப்பாணத்திலேயே மாகாண மேல் நீதிமன்றத்தில் ரிட் மனு (அதிகாரிகளின் முடிவை ரத்துச் செய்யக் கோரும் மனு) போடலாமே என்று உங்கள் மைத்துனர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் மாகாண சபை நிரலில், அதாவது மாகாண சபைகளுக்கென ஒதுக்கப்பட்ட விடயங்களின் பட்டியலில், உள்ள விடயங்களுக்கே உரியது. அரச காணி தொடர்பில் அந்த எல்லையை உயர் நீதிமன்றம் 2013இல் இறுக்கிவிட்டது. உங்கள் திட்டத்துக்கு எந்த அமைச்சு பணம் ஒதுக்கியது, காணி யாருடையது என்பதைப் பார்க்காமல் அங்கு போனால் நியாயாதிக்க வாதத்திலேயே ஓராண்டு போய்விடும்.

முகநூல் பதிவைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு நீக்குங்கள். மானநட்டக் கோரிக்கைக் கடிதம் ஒன்று வந்தால் அதற்குப் பதில் எழுதவும் நீங்கள்தான் காசு செலவழிக்க வேண்டும்.

சமரசத்துக்குப் போகலாமா என்றால், வீட்டு விடயத்தில் போங்கள் என்றே சொல்வேன். அம்மாவுக்கு வேண்டியது வீடு. மேலதிகப் பட்டியலில் அவருடைய பெயர் வந்தால், அந்த உத்தியோகத்தர் கதிரையில் இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்; தீர்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் புதுக்கடைக்கு அலையும் வயது அவருக்கு இல்லை. ஆனால் “பொறுத்திருங்கள்” என்ற வாய்மொழியை நம்பி மாதத்தைக் கடத்தியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மாதம் கடந்த மறுநாள் மேலதிகப் பட்டியலைப் பற்றிக் கேட்டால் அதற்கு நிதி இல்லை என்பார்கள். பிரதேச செயலாளரின் கையொப்பத்துடன் எழுத்தில் வரட்டும். வரும்வரை மனித உரிமைகள் ஆணைக்குழு முறைப்பாடும் மனுவுக்கான ஆயத்தமும் நிற்கக் கூடாது.

தூது வருபவருடன் மட்டும் எந்த இணக்கமும் வேண்டாம். சட்டவிரோத நோக்கத்துக்காகக் கொடுத்த பணத்தை மீட்டுத் தர நீதிமன்றங்கள் பொதுவாக முன்வருவதில்லை. அந்த 50,000 ரூபாவை இழந்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். குற்றத்தை மறைப்பதற்காக அதைத் திருப்பி வாங்கினால் புதிதாக இன்னொரு குற்றச்சாட்டுக்கு இடம் கொடுப்பீர்கள். அவர் மீண்டும் அழைத்தால் திகதி, நேரம், சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி உங்கள் சட்டத்தரணியிடம் கொடுங்கள். அம்மாவை அந்த ஆளுடன் பேச விடாதீர்கள்.