ஒயரை மறையுங்கள், பிளக்கை மறைக்காதீர்கள்

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம், தரைத்தளம். ஹாலில் சுவரில் மாட்டிய டிவி, செட் டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர், பக்கத்திலேயே என் கணவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மேஜை. எல்லா ஒயரும் தரையில் கிடக்கும் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் வந்து சேர்கிறது, அது போதாமல் அதிலிருந்தே இன்னொரு ஜங்ஷன் பாக்ஸ். பத்து மாதப் பையன் தவழ ஆரம்பித்துவிட்டான், நேராக அங்கேதான் போகிறான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது ஓனரின் கண்டிஷன். செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு ஜங்ஷன் பாக்ஸை உள்ளே வைத்து மூடும் வீடியோ ஒன்று பார்த்தேன், அப்படிச் செய்யலாமா? துணியைப் போட்டு மூடினால் போதும் என்கிறார் அத்தை. இன்வெர்ட்டரையும் ஒரு அலமாரிக்குள் தள்ளிவிட நினைக்கிறேன்.
– வாசகி, மேற்குத் தாம்பரம்

பதில்: அட்டைப் பெட்டி வேண்டவே வேண்டாம். துணியும் வேண்டாம், அத்தையிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். நல்ல ஒயர் அதன் நடுப்பகுதியில் ஆபத்தான அளவுக்குச் சூடாவது அபூர்வம். அப்படிப்பட்ட சூடு பிறப்பது பெரும்பாலும் ஒயர் போய் இன்னொன்றோடு சேரும் இடத்தில்தான். பிளக்கின் முள் சாக்கெட்டுக்குள் உட்காரும் இடம், உள்ளே திருகு தளர்ந்துபோன இடம், லூஸாக ஆடிக்கொண்டிருக்கும் சார்ஜர். பிடிப்பு தளர்ந்தால் அங்கே சூடு வரும், அந்தச் சூட்டில் சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகடு இன்னும் தளரும், அதனால் இன்னும் சூடு. இது வெளியே கண்ணில் படும் இடத்தில் நடந்தால் பிளக்கைச் சுற்றிப் பழுப்பு நிறம் ஏறுவது தெரியும், வாடை வரும், சட்டென்று ஸ்விட்சை அணைத்துவிடுவீர்கள். அட்டைப் பெட்டிக்குள் நடந்தால் புகை வந்த பிறகுதான் தெரியும், அதற்குள் தீப்பிடிக்க அட்டையும் தூசியும் தயாராக இருக்கும். அதனால் ஒயரை எவ்வளவு வேண்டுமானாலும் மறையுங்கள். பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடம் மட்டும் காற்றோட்டமாக, கைக்கு எட்டுவதாக, கண்ணுக்குத் தெரிவதாக இருக்கட்டும். "கைக்கு எட்டுவதாக" என்றால் பெரியவர்கள் கைக்கு.

அடுத்து, அந்த ஜங்ஷன் பாக்ஸில் எவ்வளவு லோடு இருக்கிறது என்று பார்ப்போம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சாதாரண சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியர், பழைய ஆட்கள் 5 ஆம்ப்ஸ் பாயின்ட் என்பார்கள். இரண்டையும் பெருக்கினால் 1380 வாட். அந்தப் பாயின்ட்டில் சொருகிய ஜங்ஷன் பாக்ஸில் எத்தனை ஓட்டை இருந்தாலும் மொத்தமாகத் தாங்குவது அவ்வளவுதான். டிவிக்கு 100 வாட் வைத்துக்கொள்ளுங்கள், செட் டாப் பாக்ஸும் ரவுட்டரும் சேர்ந்து 25, லேப்டாப் 65, மானிட்டர் 30, இரண்டு போன் சார்ஜர் 40. எல்லாம் கூட்டினாலும் 300 வாட்டைத் தாண்டவில்லை. ஆக, பார்க்கப் பயமாக இருக்கும் அந்த ஒயர்க் கூட்டத்தின் லோடு ஒன்றும் பெரிதில்லை. அதே பாக்ஸில் "இப்போதைக்கு" என்று யாராவது அயர்ன் பாக்ஸையோ, குழந்தைக்கு வெந்நீர் வைக்கும் கெட்டிலையோ சொருகுவதுதான் ஆபத்து. அயர்ன் பாக்ஸ் 1000 வாட், கெட்டில் பெரும்பாலும் 1500 வாட். கெட்டில் ஒன்று மட்டுமே அந்த 1380-ஐத் தாண்டிவிடுகிறது. வேலை அவசரத்தில் கணவர் மேஜைக்குப் பக்கத்திலேயே காபிக்குக் கெட்டில் வைத்திருந்தால் இன்றே எடுத்து சமையலறையின் 16 ஆம்பியர் பவர் பாயின்ட்டுக்கு மாற்றுங்கள். மற்ற எதையும் அப்புறம் செய்யலாம், இது மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

ஒரு பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸுக்குப் போவதையும் நிறுத்துங்கள். இரண்டு பாக்ஸின் லோடும் முதல் பாக்ஸின் ஒரே பிளக் வழியாகப் போகிறது, தளரக்கூடிய இடமும் ஒன்று கூடிவிடுகிறது. ஓட்டை போதவில்லை என்றால் ஆறோ எட்டோ சாக்கெட் இருக்கும் ஒரே பாக்ஸாக, ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, ஒயர் தடியாக இருப்பதை வாங்குங்கள். பிளக் மூன்று முள்ளோடு இருக்க வேண்டும், எர்த் முள்ளை வெட்டிவிட்டுச் சொருகும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, குழந்தை இருக்கும் வீட்டில் அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

சரி, இப்போது அடுக்குவதற்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து, முதலில் இப்போதிருக்கும் நிலையை போனில் நாலைந்து கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எது எங்கே சொருகியிருந்தது என்று பிறகு குழம்பாது. ஸ்விட்சை அணைத்து எல்லாவற்றையும் பிடுங்குங்கள். உலர்ந்த துணியால் தூசியைத் துடையுங்கள், ஈரத்துணி கூடாது. அப்போது ஒன்று கவனிப்பீர்கள், எந்தச் சாதனத்துக்கும் போகாத ஒயர் ஒன்றிரண்டாவது அந்தக் கூட்டத்தில் கிடக்கும். பழைய டிவிடி பிளேயரோடு வந்த மூன்று கலர் ஒயர், எப்போதோ மாற்றிய போனின் சார்ஜர், விலக்கிய கேபிள் கனெக்ஷனின் கறுப்பு ஒயர். அவற்றை அங்கேயே தனியாக வைத்துவிடுங்கள், மறைக்க வேண்டிய பாரம் கொஞ்சம் குறையும். மீதியில் ஒவ்வொரு ஒயருக்கும் பிளக் பக்கத்தில் ஒன்று, சாதனத்தின் பக்கத்தில் ஒன்று என இரண்டு முனையிலும் காகித டேப்பைச் சுற்றி "டிவி", "ரவுட்டர்" என்று பேனாவால் எழுதுங்கள். ரவுட்டரை அணைக்கப் போய் மானிட்டரைப் பிடுங்கி, கணவரின் மீட்டிங் பாதியில் நின்றுபோகும் சங்கடம் இருக்காது.

சுவர்தான் ஓனருடையது, மேஜை உங்களுடையது. இதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஜங்ஷன் பாக்ஸைத் தரையிலிருந்து தூக்கி மேஜைப் பலகையின் அடிப்பக்கம், பின் ஓரமாகத் திருகி மாட்டிவிடுங்கள். பெரும்பாலான பாக்ஸின் முதுகில் அதற்கென்றே சாவித் துவாரம் மாதிரி இரண்டு ஓட்டை இருக்கும். பலகையைத் துளைத்து மேலே வந்துவிடாத அளவுக்குச் சின்னத் திருகாக வாங்குங்கள். பக்கத்திலேயே ஒரு கம்பிக் கூடையையோ ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் தட்டையோ கட்டித் தொங்கவிட்டால் லேப்டாப் அடாப்டர் அதில் உட்கார்ந்துகொள்ளும், காற்றும் படும். முன்னால் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, குனிந்தால் எல்லாம் தெரியும், இதுதான் சரியான மறைப்பு. மேஜையிலிருந்து சுவர் பாயின்ட்டுக்குப் போவது அந்தப் பாக்ஸின் ஒற்றை ஒயர் மட்டும், அதையும் மேஜையின் பின்காலோடு சேர்த்துக் கட்டிவிடலாம்.

நம் வீடுகளில் ஜங்ஷன் பாக்ஸைத் தரையில் வைக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, தினமும் மாப் போடுகிறோம். பிழியாத மாப் ஒரு முறை இடித்தால் போதும். தரைத்தளம் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டாலே சொல்வார்கள். தரையோடு எதுவும் வேண்டாம்.

மிச்ச நீளத்தை என்ன செய்வது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கையில் சுற்றி இறுக்கமான வளையமாக்கி டேப் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஒயரில் ஓரளவு சூடு எப்போதும் உண்டு, நீளமாகக் கிடக்கும்போது அது காற்றில் போய்விடும், இறுக்கிச் சுற்றிய சுருளில் உள்சுற்றின் சூடு வெளியேற வழியில்லை. ரவுட்டர், சார்ஜர் போன்ற குறைந்த லோடு ஒயர்களை ஒரு சாண் நீளத்துக்கு முன்னும் பின்னுமாக மடித்து நடுவில் தளர்வாகக் கட்டலாம். ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் ஒயரையும், அவற்றைச் சொருகும் ஜங்ஷன் பாக்ஸின் ஒயரையும் ஓடும்போது சுருட்டி வைக்கவே கூடாது. இதைவிட நல்ல வழி, ஒயரையே சின்னதாக்குவது. ஜங்ஷன் பாக்ஸின் ஒயர் தேவைக்கு மேல் நீளம் என்றால் எலெக்ட்ரீஷியன் வெட்டிவிட்டுப் புது பிளக் டாப் போட்டுத் தருவார், ஐந்து நிமிட வேலை. மானிட்டர் பவர் கார்டும் ஹெச்டிஎம்ஐ கேபிளும் ஒரு மீட்டரிலேயே கிடைக்கின்றன. அடாப்டரின் ஒயரை மட்டும் வெட்ட வேண்டாம்.

கட்டுவதற்கு ரப்பர் பேண்ட் வேண்டாம், நம் ஊர் வெயிலில் இரண்டு மாதத்தில் ஒயரோடு ஒட்டிப் பிசுபிசுத்துவிடும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் பசையும் அப்படித்தான். பிளாஸ்டிக் டேக் மலிவு, ஆனால் நறுக்கிய முனை கத்தி மாதிரி நிற்கும், குழந்தையின் கை அங்கே போகும். என் ஓட்டு வெல்க்ரோ பட்டைக்குத்தான், ஒரு சுருள் வாங்கி வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம், நாளைக்கு ஒரு ஒயரை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் பிரித்து ஒட்டலாம்.

டிவிக்கு வருகிறேன். எலெக்ட்ரிகல் கடையில் பிவிசி கேசிங் பட்டை என்று கேளுங்கள், ஒயரை உள்ளே வைத்து மூடியை மேலே அழுத்தினால் பொருந்திக்கொள்ளும் வெள்ளைப் பட்டை. பின்னால் பசை ஒட்டியே வருவதும் உண்டு, இல்லையென்றால் இருபக்க ஃபோம் டேப் போதும். டிவிக்குக் கீழே நேராக இறக்கி, சுவரடி டைல்ஸின் மேல் ஓரமாக ஓட்டி, ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே வந்ததும் மேலே ஏற்றுங்கள். குறுக்கே சாய்வாகப் போனால் தூரம் மிச்சம்தான், ஆனால் கண்ணை உறுத்தும். பவர் ஒயருக்கு ஒரு பட்டை, ஹெச்டிஎம்ஐ, கேபிள் ஒயருக்குத் தனிப் பட்டை. கரண்டு ஒயரையும் சிக்னல் ஒயரையும் ஒன்றாகத் திணிப்பது நல்லதல்ல. ஃபைபர் இன்டர்நெட் என்றால் அந்த மெல்லிய ஒயரை மூலையில் செங்குத்தாக மடக்காதீர்கள், உள்ளே இருப்பது கண்ணாடி இழை, அகலமான வளைவாகவே திருப்ப வேண்டும். பட்டை முடியும் ஓட்டைகளைக் கொஞ்சம் எம்சீல் வைத்து ஒயரைச் சுற்றி அடைத்துவிட்டால் கரப்பானும் பல்லியும் உள்ளே குடியேறாது.

பசை எந்தச் சுவரில் பிடிக்கும் என்பதுதான் கேள்வி. டைல்ஸ், மரம், எமல்ஷன் பெயின்ட், இவற்றில் நன்றாக நிற்கும். சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவரில் நிற்காது, விழும்போது பெயின்ட்டையும் பெயர்த்துக்கொண்டு வரும், அப்புறம் அட்வான்ஸில் கை வைப்பார் ஓனர். டிவிக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் ஒரு விரல் நீளத் துண்டை ஒட்டி ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். எடுக்கும்போது ஹேர் டிரையரால் சூடு காட்டி மெல்ல உரித்தால் சேதம் குறையும்.

பையன் விஷயத்தில் நான் ஒயரைவிட, தொங்கும் முனைகளைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறேன். போனைக் கழற்றிவிட்டு சார்ஜரை ஆன் செய்தபடியே ஒயரைத் தொங்கவிடுகிறோம், இந்த வயதில் எது கிடைத்தாலும் வாயில்தான் போகும். முனையில் 5 வோல்ட்தானே என்று விடக் கூடாது, மலிவு சார்ஜர்களில் 230 வோல்ட்டுக்கும் அந்த முனைக்கும் நடுவே இருக்கும் காப்பு நம்பத் தகுந்ததல்ல. சார்ஜ் முடிந்ததும் ஸ்விட்சை அணைத்து ஒயரையும் எடுத்து மேலே வைப்பதை வீட்டில் எல்லோரும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மேஜை விளிம்பில் தொங்கும் அயர்ன் பாக்ஸ் ஒயர், செட் டாப் பாக்ஸ் ஒயர், இதையெல்லாம் பிடித்து இழுத்தால் மேலே இருப்பது தலையில் விழும். தாழ்வாக இருக்கும் சாக்கெட்டுகளுக்கு மூடி கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள். தரைவிரிப்புக்கு அடியில் ஒயரை ஓட்டுவது வேண்டாம், மிதிபட்டு உறை கிழிந்தாலும் தெரியாது. கதவிடுக்கு வழியாகக் கொண்டுபோவதும் அப்படித்தான்.

இன்வெர்ட்டரை மூடிய அலமாரிக்குள் வைக்கவே கூடாது. தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அது எரியக்கூடியது, மூடிய இடத்தில் சேரவிடக் கூடாது. ஜன்னல் பக்கமாக, சக்கரம் வைத்த டிராலியில், முன்னால் குழந்தை நெருங்காதபடி ஒரு தடுப்போடு வையுங்கள். ரவுட்டரையும் பெட்டிக்குள் போடாதீர்கள், சூடும் ஏறும், இரும்பு அலமாரி என்றால் சிக்னலும் போய்விடும். மேஜைக்கு மேலே ஒரு தட்டில் வெளியே இருக்கட்டும்.

கடைசியாக ஓனர். வீட்டு மெயின் போர்டில் "டெஸ்ட்" அல்லது "டி" என்று போட்ட சின்னப் பொத்தானோடு ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்டு யார் உடம்பு வழியாகவாவது தரைக்குக் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும், வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் என்ற இரண்டு கரண்டு ஒயரையும் ஒன்றாகத் தொட்டால் அதனால் காப்பாற்ற முடியாது, அதனால் மேலே சொன்ன எதையும் இதை நம்பி விட்டுவிடாதீர்கள். ஆர்சிசிபி இல்லையென்றால் குழந்தையைக் காட்டியே ஓனரிடம் கேளுங்கள். அதோடு சேர்த்து, டிவிக்குப் பின்னால் ஒரு பிளக் பாயின்ட் போட்டுக்கொள்ள அனுமதியும் கேட்டுப் பாருங்கள், பாதிச் செலவு நாங்கள் தருகிறோம், காலி செய்யும்போது பாயின்ட் உங்களுக்கே என்று சொன்னால் ஒத்துக்கொள்ளும் ஓனர்கள் உண்டு. அது கிடைத்துவிட்டால் டிவிக்குக் கேசிங் பட்டையே தேவைப்படாமல் போகலாம், அதனால் பட்டை வாங்குவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.