அம்மாவுக்கு பாலிசி, அப்பாவுக்கு சக்கர நாற்காலி

கேள்வி: அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஹோம் நர்ஸ் அனுப்பும் ஏஜென்சி 3 மாதச் சம்பளத்தை அட்வான்ஸாகக் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, பல வருடமாக சர்க்கரை. ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்தபோது, ‘அதெல்லாம் எழுத வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஏஜென்ட்டே ஃபாரத்தை நிரப்பினார். இப்போது கிளைம் மறுத்துவிட்டார்கள்.

பதில்: இந்த ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ எத்தனை குடும்பத்தைக் கவிழ்த்திருக்கிறது! அவருக்குக் கமிஷன் வந்த அன்றே வேலை முடிந்தது. ஆஸ்பத்திரி பில்லோடு நிற்பது நீங்கள். சர்க்கரையைச் சொல்லியிருந்தால் பிரீமியம் கொஞ்சம் கூடியிருக்கும், அதற்கான சிகிச்சைக்கு அதிகபட்சம் 3 ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான். பாலிசியோடு நிரப்பிய ஃபாரத்தின் நகலும் வரும். பிடிக்காவிட்டால் திருப்பித் தர 30 நாள் அவகாசம் உண்டு. அந்த நகலை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

சரி, இனி செய்ய வேண்டியது. தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டியிருந்தால், மோசடி என்று நிரூபிக்காமல் ‘மறைத்தீர்கள்’ என்று மறுக்க முடியாது. அதற்குக் குறைவு என்றால், ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் ஓராண்டுக்குள் போக வேண்டும். கையெழுத்து அம்மாவுடையது என்பதால் சுலபமாக இருக்காது; அதற்காக விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய சக்கர நாற்காலி பாத்ரூம் கதவில் நுழையவில்லை. கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

பதில்: கதவை அளந்தீர்களா? அகலம் விளம்பரத்திலேயே இருந்திருக்குமே. சொன்ன அளவும் வந்த அளவும் வேறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்பும் கெடு தாண்டுவதற்குள் அனுப்பிவிடுங்கள். கெடுவைத் தவறவிட்டு நான் வாங்கிய கமோட் நாற்காலி பரணில் இருக்கிறது.

கேள்வி: வீட்டை எழுதிக் கொடுத்தால் கடைசிவரை பார்த்துக்கொள்வதாக மகன் சொல்கிறான். நம்பலாமா?

பதில்: மகனை நம்புங்கள், பத்திரத்தில் எழுதியும் வாங்குங்கள். ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனை செட்டில்மெண்ட் பத்திரத்திலேயே இருக்கட்டும். மகன் பராமரிக்கத் தவறினால், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23-ன்படி பத்திரத்தை ரத்து செய்யக் கோரி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். அந்த வரியை எழுத மகன் தயங்கினால், வீடு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.