அமெரிக்க உள்நாட்டுப் போர் அடிமை முறைக்காக நடக்கவில்லை, மாநில உரிமைக்காகத்தான் நடந்தது என்கிறார்களே, உண்மையா? லிங்கனுக்கு அடிமைகளை விடுவிக்கும் எண்ணமே இருக்கவில்லையாமே?

கேள்வியைப் பார்த்ததுமே நீங்கள் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று தோன்றியது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்பவர்கள் பெரும்பாலும் உலக வரலாற்றை ஒரே வாரத்தில் முடித்துவிடப் பார்ப்பவர்கள். நானும் அந்த வழியாகப் போய்த் திரும்பியவன்தான். தேர்வெல்லாம் இல்லை, சும்மா ஆர்வத்தில் கேட்டேன் என்றால் மன்னிக்கவும், பதில் ஒன்றுதான்.

போர் அடிமை முறையால் வந்தது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இருக்கிற அடிமைகளை விடுவிப்பதா வேண்டாமா என்ற சண்டையாக அது ஆரம்பிக்கவில்லை. மேற்கே புதிதாகச் சேர்ந்துகொண்டே இருந்த நிலங்களுக்குள் அடிமை முறை போகலாமா கூடாதா என்ற சண்டையாக ஆரம்பித்தது. இந்த நில விவகாரத்தை விட்டுவிட்டுப் படித்தால் லிங்கன் இரட்டை வேஷக்காரராகவும், தெற்கத்திக்காரர்கள் ஏதோ உரிமைப் போராளிகளாகவும்தான் தெரிவார்கள்.

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. மனைவியின் வேலைக்காக வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரத்துக்கு வந்து, வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவில் உட்கார்ந்திருக்கிறவன். பகலெல்லாம் பொது நூலகம்தான் எனக்கு அலுவலகம். (ஊரில் "மாப்பிள்ளை சும்மாதான் இருக்காரா?" என்று கேட்கிற சொந்தங்கள் இதைப் படித்தால், ஆமாம், சும்மாதான் இருக்கிறேன்.) ரிச்மண்ட் சாதாரண ஊர் இல்லை. பிரிந்துபோன தெற்கு மாநிலங்கள் 1861-ல் தலைநகராக வைத்துக்கொண்ட ஊர். அதற்கு முன்னால் நாட்டின் மிகப் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்று இருந்த ஊர்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், பணி ஓய்வு பெற்றவர். அவருடைய முன்னோர் ஒருவர் தெற்குப் படையில் சண்டை போட்டவர். நல்ல மனுஷன். வேலிக்கு மேலாகத் தக்காளி கொடுப்பார், பனி விழுந்தால் எங்கள் வாசலையும் சேர்த்து வாருவார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் 'சோறு போடுகிற நாட்டையே திட்டுகிறான்' என்று யாராவது கிளம்பி வருவார்கள். எனக்கு வரலாறு பிடிக்கும் என்று தெரிந்ததும் கடலோரத்தில் இருக்கிற மன்றோ என்ற பழைய ராணுவக் கோட்டைக்குக் கூட்டிப்போகிறேன் என்று தன் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டார். கோட்டை இருக்கிற ஹாம்ப்டன் ஊரை நெருங்கும்போது எப்போதும் போலப் போக்குவரத்து நெரிசல். வண்டி ஊர்ந்தது, அவர் பேசினார். நீங்கள் கேட்டிருக்கிற அதே வாசகம்: போர் அடிமைகளுக்காக இல்லை, மாநிலங்களின் உரிமைக்காக.

நான் 1850-ம் வருஷச் சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம். தெற்கத்திக்காரர்கள் அடம்பிடித்து வாங்கியது. அதன்படி மாசசூசெட்ஸிலோ ஒஹையோவிலோ ஒருவரைப் பிடித்து 'இவன் என் அடிமை' என்று சொன்னால் ஜூரி விசாரணை கிடையாது, பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்லவும் முடியாது. தீர்ப்புச் சொல்லும் ஆணையருக்கு, எஜமானர் பக்கம் தீர்த்தால் 10 டாலர் கட்டணம், விட்டுவிட்டால் 5 டாலர். வழியில் போகிற சாதாரண ஆளையும் பிடிக்க உதவு என்று கட்டாயப்படுத்தலாம். வட மாநிலங்கள் இதைத் தடுக்கத் தங்கள் பங்குக்குச் சட்டம் போட்டன. அதாவது மாநில உரிமையைக் கையில் எடுத்தது வடக்கு! அதை மத்திய அரசின் கையால் நசுக்கச் சொன்னது தெற்கு. 1860 டிசம்பரில் முதலில் பிரிந்துபோன தென் கரோலினா வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள், சில பக்கம்தான். வட மாநிலங்கள் ஓடிப்போன அடிமைகளைத் திருப்பித் தருவதில்லை, நியூயார்க் தன் மண் வழியாக அடிமையைக் கூட்டிக்கொண்டு கடந்துபோகக்கூட விடுவதில்லை என்றெல்லாம் அதில் புலம்பல். மற்ற மாநிலங்களுக்கு உரிமை இருப்பதுதான் அவர்கள் புகாரே.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "உங்கள் ஊரில் சாதி இல்லையா?" என்றார். இருக்கிறது, அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் அதனால் 1850 சட்டம் மாறிவிடாதே என்றேன். சிரித்துவிட்டு வரி விஷயத்துக்குப் போனார். இறக்குமதி வரிதான் காரணம் என்று நம்மூர் வாட்ஸப் குழுக்களிலும் சுற்றுகிறது, அதனால் சொல்கிறேன். 1857-ல் வரியைக் குறைத்துச் சட்டம் வந்தது, தெற்குக்குப் பிடித்த சட்டம். வரியை ஏற்றிய மோரில் சட்டத்தில் கையெழுத்து விழுந்தது 1861 மார்ச் 2. அதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்தே போயிருந்தன. இனிமேல் போடப்போகும் சட்டத்துக்காகப் பிரிந்தோம் என்று வாதாடலாம்தான். ஆனால் மிசிசிப்பி வெளியிட்ட அறிக்கை, தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிறது. அவர்கள் வாயால் சொன்னதை நாம் ஏன் மாற்றிச் சொல்ல வேண்டும்?

சரி, நிலத்துக்கு வருகிறேன். 1803-ல் நெப்போலியனிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கினார்கள். அதிலிருந்து மிசௌரி மாநிலம் உருவாகும் நேரத்தில்தான் முதல் பெரிய வெடிப்பு. அப்போது அடிமை முறை உள்ள மாநிலங்கள் 11, இல்லாதவை 11. மாநிலத்துக்கு இரண்டு செனட்டர் என்பதால் செனட்டில் சரிசமம். வடக்கில் ஜனத்தொகை ஏறிக்கொண்டே போனதால் கீழவையில் தெற்கு ஏற்கெனவே பின்தங்கிவிட்டது. செனட்டும் கைவிட்டுப் போனால் என்றைக்காவது அடிமை முறையிலேயே கைவைப்பார்கள் என்ற பயம். 1820-ல் ஒரு சமரசம்: மிசௌரி அடிமை மாநிலம், மெய்ன் சுதந்திர மாநிலம், லூசியானாவின் மீதி நிலத்தில் 36 டிகிரி 30 நிமிட அட்சரேகைக்கு வடக்கே அடிமை முறை கூடாது.

அப்புறம் 1845-ல் டெக்சாஸ் சேர்ந்தது. மெக்சிகோ 1829-லேயே அடிமை முறையை ஒழித்திருந்தது, டெக்சாஸில் குடியேறிய அமெரிக்கர்கள் அதைச் சட்டை செய்யவில்லை. 1846 முதல் 1848 வரை மெக்சிகோவோடு போர். கலிபோர்னியா, நெவாடா, யூட்டா என்று அள்ளிக்கொண்டார்கள். போர் முடிவதற்குள்ளேயே டேவிட் வில்மாட் என்ற எம்.பி., மெக்சிகோவிடமிருந்து வரும் நிலத்தில் அடிமை முறையே கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். செனட்டைத் தாண்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து கட்சிகளே வடக்கு தெற்கு என்று பிளக்க ஆரம்பித்தன. 1854-ல் ஸ்டீபன் டக்ளஸ் என்ற செனட்டர் கொண்டுவந்த கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் 1820-ல் போட்ட அட்சரேகைக் கோட்டையே அழித்தது, குடியேறுகிறவர்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்யட்டும் என்றது. இரண்டு பக்கமும் கன்சாஸுக்கு ஆள் அனுப்பி வெட்டிக்கொண்டார்கள். 1857-ல் டிரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுப் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரேயடியாக, இன்னும் மாநிலமாகாமல் மத்திய அரசின் கீழ் இருந்த நிலப்பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே இல்லை, கறுப்பர்கள் குடிமக்களே இல்லை என்றது. சுதந்திர மண்ணில் வருஷக்கணக்கில் வாழ்ந்தவர் ஸ்காட். வழக்கில் தோற்ற பிறகு வேறொருவர் கைக்கு மாறி அந்த வருஷமே விடுதலையாகி, அடுத்த வருஷமே இறந்துபோனார்.

புது நிலத்துக்கு ஏன் இவ்வளவு அடிதடி? பணம். வர்ஜீனியாவில் புகையிலை போட்டுப் போட்டு மண் சத்துப் போய்விட்டது. இங்கிருந்த எஜமானர்கள் அடிமைகளை மிசிசிப்பி, லூசியானா பருத்தி வயல்களுக்கு விற்று வாழ்ந்தார்கள். 1790-லிருந்து 1860-க்குள் சுமார் 10 லட்சம் பேர் இப்படித் தெற்கே கொண்டுபோகப்பட்டார்கள், குடும்பம் பிரித்து. 1860-ல் அடிமைகள் கிட்டத்தட்ட 40 லட்சம் பேர், அவர்களின் சந்தை மதிப்பை 300 கோடி டாலருக்கு மேல் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். புது நிலம் திறந்துகொண்டே இருந்தால் விலை ஏறும், மூடினால் இறங்கும். நம் ஆட்கள் மனை வாங்கிப் போட்டுவிட்டு 'இந்தப் பக்கம் பைபாஸ் வருமா' என்று பார்ப்பது போலத்தான், மனைக்குப் பதில் மனிதர்கள்.

இப்போது லிங்கன். 1860 தேர்தலில் அவர் கட்சி சொன்னது புது நிலங்களில் அடிமை முறை பரவக் கூடாது என்பதுதான். இருக்கிற இடத்தில் தொட மாட்டேன் என்று 1861 மார்ச்சில் பதவியேற்பு உரையிலேயே சொன்னார். இருக்கும் மாநிலங்களில் அடிமை முறைக்கு நிரந்தரப் பாதுகாப்புத் தரும் அரசியல் சட்டத் திருத்தம் ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோதுகூட ஆட்சேபணை இல்லை என்றார். பழைய 36 டிகிரி 30 நிமிடக் கோட்டை மேற்குக் கடற்கரை வரை நீட்டலாம் என்ற சமரசத்துக்கு மட்டும் அசையவே இல்லை. இதைத்தான் கவனிக்க வேண்டும். இருப்பதை வைத்துக்கொள், பரப்பாதே என்றார், அதற்கே ஏழு மாநிலங்கள் போய்விட்டன. பிரிந்துபோனவர்கள் எழுதிய அரசியல் சட்டத்தில், இனிமேல் எந்த நிலப்பகுதி கிடைத்தாலும் அங்கே அடிமை முறை அங்கீகரிக்கப்படும், பாதுகாக்கப்படும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. கையில் இல்லாத நிலத்துக்கு முன்கூட்டியே சட்டம்!

இந்த இடத்தில் என் வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் இதைத்தான் கேட்டேன்: தொட மாட்டேன் என்று சொன்னவர் ஜெயித்ததற்கு ஏன் சார் பிரிந்தார்கள்? "ஓவரா யோசிக்காதப்பா, பாயின்ட் மட்டும் எழுது" என்றார் வாத்தியார், வகுப்பே சிரித்தது. ஜெராக்ஸ் நோட்ஸில் 'காரணங்கள்: 1. மாநில உரிமை 2. வரி 3. அடிமை முறை 4. லிங்கனின் வெற்றி' என்று நாலு வரி, அவ்வளவுதான். விடுதி முன்பணத்தை இன்றுவரை திருப்பித் தரவில்லை என்பது தனிக் கதை. கேட்டால் சுவரில் ஆணி அடித்தேனாம். ஆணி நான் வருவதற்கு முன்பே இருந்தது, அதில் முந்தைய பையனின் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. சேரப் போகிறவர்கள் முன்பணத்துக்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, மன்றோ கோட்டை. சுற்றி அகழி, தண்ணீர் இன்னும் நிற்கிறது. 1619-ல் ஆங்கிலேய வர்ஜீனியாவுக்கு முதல் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கியது இந்த முனையில்தான். வர்ஜீனியா பிரிந்த பிறகும் கோட்டை மட்டும் வடக்கின் கையிலேயே இருந்தது. 1861 மே 23 இரவு பேக்கர், மல்லோரி, டவுன்செண்ட் என்று மூன்று அடிமைகள் படகு வலித்து இங்கே வந்து சேர்ந்தார்கள். எதிர்க்கரையில் தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்ட அவர்களை அனுப்பியிருந்தார்கள், அடுத்து வட கரோலினாவுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் தெற்கு அதிகாரி ஒருவர் வெள்ளைக் கொடியோடு வந்து, 1850 சட்டப்படி திருப்பிக் கொடு என்று கேட்டார். தளபதி பெஞ்சமின் பட்லர் தொழிலில் வக்கீல். வர்ஜீனியா தன்னை வெளிநாடு என்கிறதே, வெளிநாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிப் பொருந்தும், இவர்கள் எதிரியிடமிருந்து போரில் பறிமுதலான உடைமை என்றார். அவர் ஒன்றும் அடிமை ஒழிப்புவாதி இல்லை, 1860 ஜனநாயகக் கட்சி மாநாட்டில், பின்னால் தெற்கின் அதிபரான ஜெபர்சன் டேவிஸை நாட்டின் அதிபர் வேட்பாளராக்க ஓட்டுப்போட்டவர்! ஆனால் செய்தி பரவியது. சில வாரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள், பிள்ளை குட்டியோடு, கோட்டையைத் தேடி வந்துவிட்டார்கள். வாஷிங்டனில் இருந்த மத்திய அரசு அந்த ஆகஸ்டில் இதையே சட்டமாக்கிப் பின்னால் ஓடிவந்தது.

எங்கள் பெரியவர் என்னை நேராக டேவிஸை அடைத்துவைத்த செங்கல் வளைவு அறைக்குக் கூட்டிப்போனார். தெற்கின் அதிபராக இருந்த அதே டேவிஸ், 1865 மே மாதம் பிடிபட்டு இங்கே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவர் காலில் இரும்பு விலங்கு மாட்டினார்கள் தெரியுமா என்று தழுதழுத்தார். தெரியும். சில நாள் மாட்டினார்கள், ஊரே கொதித்தது, கழற்றிவிட்டார்கள். அந்த மூன்று பேரைப் பற்றிய விவரம் எங்கே என்று கேட்டேன். இத்தனை முறை வந்திருக்கிறேன், கவனித்ததில்லை என்றார். தேடிப்போய் இருவரும் நின்று படித்தோம். திரும்பும் வழியில் கட்சி மாறிவிட்டார் என்றெல்லாம் நினைக்க வேண்டாம், பேஸ்பால் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம்.

'லிங்கனுக்கு எண்ணமே இல்லை' என்பவர்கள் காட்டுவது 1862 ஆகஸ்டில் பத்திரிகை ஆசிரியர் கிரீலிக்கு அவர் எழுதிய கடிதம்: ஒரு அடிமையையும் விடுவிக்காமல் நாட்டைக் காப்பாற்ற முடிந்தால் அப்படிச் செய்வேன். எழுதியது உண்மை. ஆனால் பிரிந்துபோன மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவிக்கும் பிரகடனத்தின் வரைவை ஜூலை 22-லேயே அமைச்சர்களிடம் காட்டிவிட்டு, போர்க்களத்தில் ஒரு வெற்றிக்காகக் காத்திருந்தார். 1863 ஜனவரி 1-ல் வந்த பிரகடனம் யாரையும் விடுவிக்கவில்லை என்பதும் பொய். வடக்கின் கையில் இருந்த தென் கரோலினாத் தீவுகளில் அன்றைக்கே ஆயிரக்கணக்கானவர்கள் விடுதலை. கறுப்பர்கள் படையில் சேரவும் அதுதான் கதவைத் திறந்தது, போர் முடிவதற்குள் ஏறக்குறைய 1,80,000 பேர் தரைப்படையில். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், இவர்களுக்கு 10, அதிலும் உடுப்புக்கு 3 பிடித்தம். 1864 வரை இந்தக் கூத்து. லிங்கனைச் சாமியாக்க வேண்டாம், அவரே தள்ளப்பட்டு வந்தவர்தான், தள்ளியவர்களில் படகு வலித்த அந்த மூன்று பேரும் உண்டு.

தேர்வுக்கு என்றால் 1854-லிருந்து ஆரம்பியுங்கள், இறக்குமதி வரியைப் பற்றி ஒரே வாக்கியம் போதும். இன்னொன்று, பலரும் தவறாக எழுதுவது: பிரகடனம் கென்டக்கி, டெலவேர் போன்ற வடக்கோடு இருந்த அடிமை மாநிலங்களைத் தொடவே இல்லை. அந்த இரண்டிலும் 1865 டிசம்பரில் 13-வது திருத்தம் வந்த பிறகுதான் அடிமை முறை முடிந்தது. அந்தத் திருத்தத்திலும் 'குற்றத்துக்குத் தண்டனையாகத் தவிர' என்று ஒரு விலக்கு வைத்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டு தெற்கு மாநிலங்கள் கைதிகளைச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் வாடகைக்கு விட்டது வேறொரு கேள்விக்கான பதில். கேட்டால் எழுதுகிறேன், எனக்கு நேரத்துக்கா பஞ்சம்.