கல்லை உடைக்கும் லேசர்: எத்தனை வாட் வேண்டும்?

சிறுநீரகக் கல்லுக்கான லேசர் சிகிச்சை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சிறுநீரக அறுவை சிகிச்சை மருத்துவராக வாரத்தில் பாதி நாள் இந்த வேலையில்தான் இருக்கிறேன்.

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு வலது சிறுநீரகத்தில் 14 மி.மீ. கல். ஒரு ஆஸ்பத்திரியில் 30 வாட் லேசர், இன்னொன்றில் 100 வாட். 100 என்றால் மூன்று மடங்கு நல்லதுதானே?

இல்லைம்மா. வாட் என்பது இரண்டு எண்களைப் பெருக்கினால் வருவது: ஒரு துடிப்புக்கு எத்தனை ஜூல், நொடிக்கு எத்தனை துடிப்பு. 1 ஜூல், நொடிக்கு 10 துடிப்பு என்று வைத்தால் 10 வாட். 0.2 ஜூல், 50 துடிப்பு என்றாலும் அதே 10 வாட்தான். ஆனால் கல்லுக்கு நடப்பது வேறு. முதல் அளவில் கல் துண்டு துண்டாகப் பிளக்கும். அடுத்ததில் மேலாகப் பொடி உதிரும். தேங்காயை உடைப்பதற்கும் துருவுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடைத்தால் துண்டுகளைக் குட்டிக் கம்பிக்கூடையால் ஒவ்வொன்றாகப் பிடித்து எடுக்க வேண்டும். துருவினால் பொடி சிறுநீரோடு போகும்.

இயந்திரத்தின் மேல் எழுதியிருக்கும் 30, 100 எல்லாம் அது தரக்கூடிய உச்சம். அப்பாவின் கல்லுக்கு 100 வாட் இயந்திரத்திலும் பெரும்பாலும் 10, 20 வாட்டில்தான் ஓட்டுவார்கள். பெரிய இயந்திரத்தின் லாபம் வேகம். ஹோல்மியம் என்ற லேசர் வகையில், 30 வாட் இயந்திரங்கள் பலவற்றில் நொடிக்கு 20, 25 துடிப்புக்கு மேல் ஏறாது. 100, 120 வாட்டில் 50, 80 வரை போகலாம். துருவும் வேலை சீக்கிரம் முடியும். உடைக்கும் வேலைக்கு 30 வாட் தாராளம். கை பழகிய மருத்துவர் 30 வாட் வைத்திருக்கிறார் என்றால் தயங்காமல் அவரிடமே போகச் சொல்வேன்.

கேள்வி: வாட் கூடினால் உள்ளே சூடு ஏறாதா சார்?

ஏறும். எனக்கு இதில்தான் கவலை அதிகம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 20 வாட்டில் ஒரு நிமிடம் லேசரை இயக்கும் மிதியிலிருந்து காலை எடுக்காமல் இருந்தால் 1200 ஜூல். சுற்றி 20 மில்லி தண்ணீர் அசையாமல் நிற்கிறது, சூடு வெளியேறவே இல்லை என்று கணக்குப் போட்டால் அது சுமார் 14 டிகிரி சூடாகும். உடம்புச் சூடு 37, ஆக 51. திசுவுக்கு 43 டிகிரியிலேயே ஆபத்து தொடங்குகிறது, நேரம் நீள நீளப் பாதிப்பு கூடும்.

அதனால்தான் சலைன் (உப்புநீர்) உள்ளே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நடுநடுவே காலை எடுக்க வேண்டும். திரையில் பார்த்தால் கல் கருப்பட்டித் துண்டு மாதிரி பழுப்பாக இருக்கும். லேசர் பட்டதும் அரிசி களைந்த தண்ணீர் போல எல்லாம் கலங்கிவிடும். தண்ணீர் தெளியும்வரை நிறுத்திவிடுவேன். பார்வையும் தெளியும், சூடும் இறங்கும். தண்ணீரை அழுத்தி அனுப்பினாலும் சிக்கல்தான்: சிறுநீரகத்துக்குள் அழுத்தம் ஏறினால் கிருமி ரத்தத்துக்குள் போகும். வெளியேற வழி வைத்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கல் சிறுநீர்க்குழாயில் இருந்தால் இடமும் குறுகல், தண்ணீரும் கொஞ்சம். அங்கே நான் 10 வாட்டைத் தாண்டுவதில்லை.

கேள்வி: தூலியம் லேசர் புதுசு, ஹோல்மியம் பழசு என்கிறார்களே அண்ணா?

ஹோல்மியம் 1990களிலிருந்து கல்லுக்குப் பயன்படுகிறது. பழசுதான், ஆனால் இன்றும் நம்பகமானது. அதன் அலைநீளம் சுமார் 2100 நானோமீட்டர், தூலியம் ஃபைபர் லேசருடையது 1940. இந்த 1940ஐத் தண்ணீர் சுமார் நான்கு மடங்கு கூடுதலாக உறிஞ்சும். கல்லுக்குள்ளும் இடுக்குகளில் தண்ணீர் இருப்பதால் குறைந்த ஜூலிலேயே நைசான பொடி வரும். லேசரை உள்ளே கொண்டுபோகும் இழையும் மெல்லிசு, 150 மைக்ரான் வரை கிடைக்கிறது. சிறுநீரகத்தின் அடி அறையில் கிடக்கும் கல்லுக்கு ஸ்கோப்பை (கேமரா உள்ள மெல்லிய குழாய்) நன்றாக வளைக்க வேண்டியிருக்கும், அங்கே மெல்லிய இழை பெரிய உதவி. சாதாரண பிளக்கிலேயே ஓடும் என்பது சின்ன மருத்துவமனைகளுக்கு வசதி. பெரிய ஹோல்மியம் இயந்திரத்துக்குக் கனமான மின் இணைப்பைத் தனியாகப் போட வேண்டும். என்னிடம் இரண்டும் இருந்தால் துருவத் தூலியம் எடுப்பேன். இல்லாவிட்டால் ஹோல்மியத்திலேயே நிம்மதியாகச் செய்வேன்.

கேள்வி: எனக்கு 28 மி.மீ. கல். சிறுநீர் வழியாகவே லேசர் வைத்து முடித்துவிடலாமா?

2 செ.மீ.க்கு மேல் என்றால் பொதுவாக முதுகுப் பக்கம் சின்னத் துளை போட்டு எடுப்பதுதான் முதல் தேர்வு. சிறுநீர் வழியாகவும் முடியும், ஆனால் இரண்டாவது முறை மயக்க மருந்து தேவைப்படலாம்.

கேள்வி: லேசர் முடிந்து உள்ளே ஸ்டென்ட் இருக்கிறது. அடுத்த வாரம் துபாய் போகணும். ஆறு மாதம் கழித்து லீவில் வந்து எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி, தயவுசெய்து எடுத்துவிட்டுப் போங்கள். இந்த ஸ்டென்ட், அதாவது சிறுநீர் வடியச் சிறுநீர்க்குழாயில் வைக்கும் மெல்லிய குழாய், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்கானது. மாதக்கணக்கில் விட்டால் அதன் மேலேயே கல் படியும். இரண்டு வருடம் மறந்துபோய் வந்த ஒருவருக்கு மேல்முனையும் கீழ்முனையும் கல்லாகி, இழுத்தால் வரவில்லை. கல்லை எடுத்த அதே லேசரால் ஸ்டென்ட்டைச் சுற்றியிருந்த கல்லையும் உடைத்துத்தான் விடுவித்தேன். உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். அவர் சரி என்றால் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடலாம், சில நிமிட வேலை.

கேள்வி: அம்மாவுக்கு நாளை மறுநாள் லேசர். இன்று மதியத்திலிருந்து குளிர்க்காய்ச்சல், இடுப்பில் வலி. மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமா?

பார்க்க வேண்டாம். இப்போதே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், நாளைக் காலை வரை வைத்திருக்காதீர்கள். கல் அடைத்து, அதற்குப் பின்னால் சீழ் பிடித்திருந்தால் லேசரை வைக்கவே கூடாது. முதலில் ஸ்டென்ட்டோ முதுகு வழியாக ஒரு குழாயோ வைத்து வடியவிட்டு, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, காய்ச்சல் அடங்கிய பிறகுதான் கல்லைத் தொடுவோம். போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டையும் அம்மா சாப்பிடும் மாத்திரைகளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இருந்தால் உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிடுங்கள்.